இருபதாவது பிக்குக்கு இருபது பேர் வேண்டும்

கோவையில் அமெரிக்க ஃபுட்பால் பார்க்கிறவர்கள் கொஞ்சம் பேர்தான். ஆனால் ஏப்ரல் பிறந்துவிட்டால், அந்நாட்டு லீக்கான என்எஃப்எல்லின் அணிகள் கல்லூரி வீரர்களை முறைவைத்து எடுத்துக்கொள்ளும் டிராஃப்ட் வந்துவிடும்; அந்தக் கொஞ்சம் பேரும் தத்தம் அணிக்குப் பொது மேலாளர் ஆகிவிடுகிறார்கள். யாரைக் கேட்டாலும், "மூணு பேரக் குறிச்சு வெச்சிருக்கறனுங்க, மூணுல ஒருத்தன் சிக்காமயா போயிருவான்?" என்பார்கள். சிக்காமல்தான் போவான். அணிக்கு 20ஆவது பிக் (வீரனை எடுக்கும் முறை) என்றால் முன்னால் 19 பேர் போய்விடுவார்கள். அந்த 19க்குள் உங்கள் மூவரும் அடங்கிவிட ஒரு தடையும் இல்லை. 20 பேரை வரிசையாக எழுதி வைத்தால், என்ன நடந்தாலும் ஒருவனாவது மிஞ்சுவான். அந்த 20 பேரை எந்த வரிசையில் எழுதுவது என்பதில்தான் வேலை அத்தனையும் இருக்கிறது.

ஐபிஎல் ஏலம் பார்த்துப் பழகியவர்களுக்கு ஒரு வார்த்தை. என்எஃப்எல் டிராஃப்ட்டில் விலை ஏற்றுவது கிடையாது. 32 அணிகள், 7 சுற்றுகள். போன வருடம் மோசமாக ஆடிய அணி முதலில் எடுக்கும். பிளேஆஃபுக்குப் போகாத 18 அணிகளுக்கு 1 முதல் 18 வரை; பிளேஆஃபின் முதல் கட்டமான வைல்ட் கார்டு ஆட்டத்தில் தோற்ற ஆறு அணிகளுக்கு 19 முதல் 24; அடுத்த கட்டத்தில் தோற்ற நான்கு அணிகளுக்கு 25 முதல் 28; அரையிறுதி போன்ற அந்த இரண்டு ஆட்டங்களில் தோற்றவர்களுக்கு 29, 30; இறுதி ஆட்டமான சூப்பர் பவுலில் தோற்றவருக்கு 31, வென்றவருக்கு 32. வெற்றிக் கணக்கு சமமாக இருந்தால், எதிரணிகளின் வெற்றி விகிதம் எவருக்குக் குறைவோ அவர் முன்னால் போவார். ஒவ்வொரு சுற்றும் அதே திசையில்தான் ஓடும். ஃபேன்டஸி லீக் ஆடிவிட்டு வருகிறவர்கள் இரண்டாவது சுற்றைத் திருப்பிப் போட்டுவிடுகிறார்கள். அது ஃபேன்டஸி வழக்கம், நிஜ டிராஃப்ட்டில் இல்லை.

முதல் வேலை, உங்கள் அணியின் கையில் என்னென்ன பிக் இருக்கிறது என்று ஒரு தாள் போடுவது. நான்கு பத்தி போதும்: சுற்று, மொத்த வரிசையில் எத்தனையாவது, யாரிடமிருந்து வந்தது, மதிப்புப் புள்ளி (அந்தக் கணக்கு பின்னால் வருகிறது). சுலபமாகத் தெரிந்தாலும் அதிகம் தப்பு நடப்பது இங்கேதான். 20ஆவது பிக் இருக்கிறது, ஆகவே இரண்டாவது சுற்றில் 52 என்று கூட்டிப் போடுவார்கள். வெற்றிக் கணக்கு சமமான அணிகள் சுற்றுக்குச் சுற்று இடம் மாறிக்கொள்ளும். 51ஆகவோ 53ஆகவோ இருக்கலாம். மூன்றாவது சுற்றின் கடைசியிலிருந்து ஈட்டு பிக்குகள் வேறு நுழைகின்றன. ஒப்பந்தம் முடிந்த வீரர்களை இழந்து, அதற்குச் சமமாக வெளியிலிருந்து எடுக்காத அணிகளுக்கு லீக் கொடுப்பது இது. அணிக்கு அதிகபட்சம் நான்கு, மொத்தம் 32, மூன்றாவது சுற்று முதல் ஏழாவது வரை ஒவ்வொன்றின் கடைசியிலும் சேரும். சிறுபான்மையினர் ஒருவரை வளர்த்து, அவரை வேறு அணி தலைமைப் பயிற்சியாளராகவோ பொது மேலாளராகவோ எடுத்துக்கொண்டால் கிடைக்கும் மூன்றாவது சுற்று பிக்குகள் இதற்கு வெளியே. ஆக நான்காவது சுற்று 97இல் தொடங்கும் என்று நம்பி உட்காரக் கூடாது. 2024இல் அது 101இல்தான் தொடங்கியது.

இன்னொரு பொறி, பறிமுதல். மற்ற அணியின் ஆளோடு விதி மீறிப் பேசியதற்காக மயாமி டால்பின்ஸ் 2023 முதல் சுற்று பிக்கை இழந்தது. அந்த வருடம் முதல் சுற்றில் 31 பேர்தான். 32ஆவதாகப் போன ஜோயி போர்ட்டர் ஜூனியர் இரண்டாவது சுற்று வீரர். எண்ணில் இருப்பது ஒரு இடம்தானே என்று தோன்றும். முதல் சுற்றில் எடுத்தவனுக்கு மட்டும்தான் நான்கு வருட ஒப்பந்தத்துக்குமேல் ஐந்தாவது வருடத்தையும் அணி தன் விருப்பப்படி நீட்டிக்க முடியும். 32க்கும் 33க்கும் நடுவே இருக்கும் கோடு அதனால் தடிமனானது.

அடுத்தது தேவைப் பட்டியல். ஜனவரியில், கடைசி ஆட்டம் தோற்ற கோபத்தில் எழுதுவதைக் கிழித்துப் போட்டுவிடுங்கள். மார்ச் நடுவில் புது ஒப்பந்த வருடம் தொடங்கி, வெளியாட்களை வாங்கும் சந்தை முடிந்த பிறகுதான் இது எழுத வேண்டியது. நல்ல அணிகள் சந்தையில் நடுத்தர ஆட்களை வாங்கி ஓட்டைகளை அடைத்துவிட்டுத்தான் டிராஃப்ட்டுக்கு வரும். அப்போதுதான் தேவைக்காகத் தடுமாறி எடுக்க வேண்டியிருக்காது. தாக்குதலுக்கு 11, தடுப்புக்கு 11, ஆகத் தொடக்க ஆட்டக்காரர்கள் 22 என்று எண்ணுவதும் இப்போது சரிவராது. ஒரு ஆட்டத்தின் பாதிக்கு மேற்பட்ட நகர்வுகளில் தடுப்பு அணிகள் ஐந்து டிஃபென்சிவ் பேக்குகளை (பின்வரிசைத் தடுப்பாளர்களை) நிறுத்துகின்றன. மூன்றாவது கார்னர்பேக்கையும் (எதிரணி ரிசீவரை மறிப்பவர்) மூன்றாவது ரிசீவரையும் (எறிந்த பந்தைப் பிடிப்பவர்) தொடக்க ஆட்டக்காரர் கணக்கில் சேருங்கள்.

ஒவ்வொரு பெயருக்கு எதிரிலும் ஒப்பந்தம் முடியும் வருடத்தையும் வயதையும் எழுதுங்கள். இந்த வருட ஓட்டையைவிட அடுத்த மார்ச்சில் விழப்போகிற ஓட்டைதான் டிராஃப்ட்டுக்கு உரியது. டேக்கிள் (தாக்குதல் முன்வரிசையின் ஓரத்தில் நின்று காப்பவர்), கார்னர்பேக் போன்ற இடங்களில் புது ஆள் பழக ஒரு வருடம் பிடிக்கும். பந்தை எறிந்து ஆட்டத்தை நடத்தும் குவார்ட்டர்பேக் விஷயத்தில் கேட்கவே வேண்டாம். கேன்சஸ் சிட்டி 2017இல் பேட்ரிக் மஹோம்ஸை எடுத்தபோது அலெக்ஸ் ஸ்மித் நன்றாகவே ஆடிக்கொண்டிருந்தார். கிரீன் பே 2005இல் ஆரன் ராட்ஜர்ஸை 24ஆவதாக எடுத்தபோது பிரெட் ஃபாவ்ர் இருந்தார். 2020இல் ஜோர்டன் லவ்வை 26ஆவதாக எடுத்தபோது அதே ராட்ஜர்ஸ் இருந்தார். தேவைப் பட்டியலில் மூன்று முறையும் குவார்ட்டர்பேக் இருந்திருக்காது.

இடத்துக்கு இடம் மதிப்பு ஏன் மாறுகிறது என்பதை நம் ஊர்க் கணக்கில் சொன்னால் சட்டென்று பிடிபடும். ஈரோட்டு மஞ்சள் மண்டியில் விரலிக்கு ஒரு விலை, கிழங்குக்கு ஒரு விலை. ஒரு நாள் மட்டும் இரண்டும் ஒரே விலை என்று அறிவித்தால் எவர் கிழங்கு மூட்டையைத் தூக்குவார்? டிராஃப்ட் அப்படிப்பட்ட நாள். 2011 தொழிலாளர் ஒப்பந்தத்துக்குப் பிறகு புது வீரனின் சம்பளம் அவன் எத்தனையாவதாகப் போனான் என்பதை வைத்துத்தான். எந்த இடத்தில் ஆடுகிறான் என்பதை வைத்து இல்லை. 2010இல் முதலாவதாகப் போன சாம் பிராட்ஃபோர்டுக்கு 6 வருடத்துக்கு 7.8 கோடி டாலர். அடுத்த வருடம் அதே இடத்தில் போன கேம் நியூட்டனுக்கு 4 வருடத்துக்கு 2.2 கோடி. 20ஆவது பிக்கில் எட்ஜ் ரஷரை (ஓரத்திலிருந்து குவார்ட்டர்பேக்கை விரட்டுபவர்) எடுத்தாலும் ரன்னிங் பேக்கை (பந்தோடு ஓடுபவர்) எடுத்தாலும் சம்பளம் ஒன்றே. வெளிச் சந்தையிலோ நல்ல எட்ஜ் ரஷரின் விலை ரன்னிங் பேக்கின் விலையைவிடப் பல மடங்கு. ஆகவே குவார்ட்டர்பேக், எட்ஜ், டேக்கிள், ரிசீவர், கார்னர்பேக் விரலி. ரன்னிங் பேக், சேஃப்டி (கடைசித் தடுப்பாளர்), கார்டு (முன்வரிசையின் நடுப்பக்க ஆள்), டைட் எண்ட் (மறிப்பதும் பந்து பிடிப்பதும் செய்பவர்) கிழங்கு.

இதை வேதவாக்காகப் பிடித்துக்கொண்டு சண்டை போடுகிறவர்கள் இருக்கிறார்கள். 2018இல் நியூயார்க் ஜயண்ட்ஸ் இரண்டாவது பிக்கில் சேக்வான் பார்க்லியை எடுத்தது. ஆள் அசல்தான்; 2024இல் ஃபிலடெல்ஃபியாவுக்குப் போய் 2,005 யார்டு ஓடி சூப்பர் பவுலும் வென்றார். எடுத்த அணி அந்தப் பலனைச் சாப்பிடவில்லை, சுற்றிலும் ஆள் இல்லாததால். மறுபக்கம், 2023இல் டெட்ராய்ட் லயன்ஸ் 12ஆவதாக ரன்னிங் பேக் ஜமீர் கிப்ஸை எடுத்தபோது எல்லோரும் சிரித்தார்கள். அந்த அணி அந்த வருடமே மாநாட்டு இறுதிவரை, அதாவது சூப்பர் பவுலுக்கு முந்தைய ஆட்டம்வரை போனது. முன்வரிசை ஏற்கெனவே கட்டிவைத்திருந்த அணிக்குக் கிழங்கும் விலைபோகும் என்பது என் கட்சி. மோசமான அணிக்கு அந்த ஆடம்பரம் கிடையாது.

இனி போர்டு, அதாவது வீரர்களின் தரப் பட்டியல். 1, 2, 3 என்று 150 பேரை வரிசைப்படுத்துவது வீண் உழைப்பு. 14ஆவது ஆளுக்கும் 17ஆவது ஆளுக்கும் உள்ள வித்தியாசம் எழுதியவரின் மனநிலைதான். அடுக்கு அடுக்காகப் பிரியுங்கள். எந்த வருடமும் உண்மையான முதல் சுற்றுத் தரம் 15 முதல் 20 பேருக்குத்தான் இருக்கும்; 32 பேருக்கு இருக்காது. நம்பகமான நான்கைந்து பொதுத் தரவரிசைகளின் சராசரியை எடுத்து, பெரிய இடைவெளி விழுகிற இடத்தில் கோடு போடுங்கள். ஒரே அடுக்குக்குள் தேவையைப் பார்த்து வரிசை மாற்றலாம். அடுக்கைத் தாண்டித் தேவைக்காக ஒருவனை மேலே தூக்கக் கூடாது. தூக்கினால் அதுதான் ரீச், தகுதிக்கு முன்னாலேயே எடுப்பது.

பிறகு கழித்தல். வயது முதலில். காங்கயம் காளைக்குப் பல் பார்க்கிற மாதிரி இது: 24 வயதில் வருகிறவன் முதல் ஒப்பந்தம் முடியும்போது 28, இரண்டாவது ஒப்பந்தத்தில் உங்களுக்குக் கிடைப்பது இறங்குமுகம். அடுத்து, டிராஃப்ட்டுக்கு முன் வீரர்களைச் சோதிக்கும் இண்டியானாபொலிஸ் கம்பைன் எண்கள். 40 யார்டு ஓட்டம் கிட்டத்தட்ட 36.6 மீட்டர், பெஞ்ச் பிரஸ் 225 பவுண்டு, அதாவது 102 கிலோ. வெறும் நேரத்தைப் பார்க்காதீர்கள். எடையோடு சேர்த்துப் பாருங்கள். 140 கிலோ டேக்கிள் 5.0 நொடியில் ஓடுவது 80 கிலோ ரிசீவர் 4.4இல் ஓடுவதைவிடப் பெரிய செய்தி. எட்ஜ் ரஷருக்கு முழு 40ஐவிட முதல் 10 யார்டு நேரம் முக்கியம். ஆட்டத்தில் அவன் ஓடப்போவது அவ்வளவுதான். கல்லூரியில் நடக்கும் ப்ரோ டே நேரங்கள் கைக்கடிகாரத்தில் எடுப்பவை. அவற்றில் கொஞ்சம் தள்ளுபடி செய்துதான் ஏற்றுக்கொள்ள வேண்டும். வேகத்தை மட்டும் நம்பியதற்கு ஜான் ராஸ் இருக்கிறார்: 2017இல் 4.22 ஓடி, ஒன்பதாவதாகப் போய், காயங்களோடு காணாமல் போனார். 2024இல் சேவியர் வொர்த்தி 4.21 ஓடி அந்தச் சாதனையை முறித்தார். அவர் போனது 28ஆவதாக. அணிகளும் பாடம் படித்திருக்கின்றன.

கைநீளம் ஒரு அங்குலம் குறைந்ததற்காக டேக்கிளை அப்படியே ஒதுக்குவது சுழி பார்த்து நல்ல மாட்டை விடுவது போலத்தான். பார்த்துக்கொள்ளுங்கள், ஆனால் அதுவே முடிவாகிவிட வேண்டாம்.

மருத்துவ அறிக்கை மட்டும் நம் கைக்கு வராது. அதனால் ஒரு விதி வைத்துக்கொள்ளுங்கள்: எதிர்பார்த்ததைவிட ஒருவன் விழுந்துகொண்டே வந்தால், அது உங்கள் அதிர்ஷ்டம் என்று துள்ளாதீர்கள், மருத்துவர்கள் ஏதோ சொல்லியிருப்பார்கள். 2016இல் ஜேலன் ஸ்மித் 34க்கும் மைல்ஸ் ஜாக் 36க்கும் இறங்கியது முழங்கால் காரணமாகத்தான். அப்படி விழுகிறவனுக்காகக் கூடுதல் பிக் கொடுத்து மேலே ஏறுவது தவறு. அவன் உங்களிடமே வந்து சேர்ந்தால் எடுக்கலாமா என்பது வேறு கேள்வி. எந்த அணி எவனை நேரில் அழைத்தது என்ற செய்தி நமக்குக் கிடைக்கிற நல்ல தடயம். அணிக்கு 30 வீரர்களைத்தான் தங்கள் இடத்துக்கு வரவழைக்க அனுமதி, சொந்த ஊர்ப்பக்கத்து வீரர்கள் அந்தக் கணக்கில் வரமாட்டார்கள். அந்த 30இல் இருப்பவனுக்குப் போர்டில் ஒரு புள்ளி வையுங்கள்.

முன்னால் இருக்கும் அணிகள் என்ன செய்யும் என்பதை ஆளுக்கு ஆள் ஊகிக்க வேண்டாம். எண்ண வேண்டியது ஒன்றே: உங்கள் போர்டில் இல்லாத எத்தனை பேர் உங்களுக்கு முன் போவார்கள்? 2024இல் முதல் 12 பிக்கில் ஆறு குவார்ட்டர்பேக்குகள் போனார்கள்; முதல் 14 பேரும் தாக்குதல் வீரர்கள். முதல் தடுப்பு வீரர் லாயாட்டு லாட்டு போனது 15ஆவதாக. குவார்ட்டர்பேக் தேவையில்லாத, தடுப்பு ஆள் தேடுகிற ஒரு அணிக்கு அந்த வருடம் 15ஆவது பிக் நிஜத்தில் முதல் பிக். முன்னால் போகும் ஒவ்வொரு குவார்ட்டர்பேக்கும் உங்கள் அடுக்கிலிருந்து ஒருவனை உங்கள் பக்கம் தள்ளிவிடுகிறான். அந்த எண்ணிக்கைக்கு மூன்று நிலை போட்டுப் பாருங்கள்: இரண்டு, நான்கு, ஆறு. இரண்டே போனாலும் உங்கள் முதல் அடுக்கில் ஆள் மிஞ்சுகிறானா? மிஞ்சினால் நகர வேண்டாம். இல்லையென்றால் இறங்குவதற்கு, அதாவது உங்கள் பிக்கைப் பின்னால் இருக்கும் அணியோடு மாற்றிக்கொள்வதற்குத் தயாராக இருங்கள்.

ஏறுவது, இறங்குவது என்றால் பண்டமாற்றுக் கணக்கு வேண்டும். 1990களின் தொடக்கத்தில் ஜிம்மி ஜான்சன் டல்லஸில் பயிற்சியாளராக இருந்த காலத்து அட்டவணைதான் இன்றும் பொதுமொழி. முதல் பிக் 3000, ஆறாவது 1600, பத்தாவது 1300, 12ஆவது 1200, 16ஆவது 1000, 20ஆவது 850, 27ஆவது 680, 32ஆவது 590, 40ஆவது 500, 50ஆவது 400, 64ஆவது 270, 100ஆவது 100. 2023இல் டெட்ராய்ட் 6, 81 இரண்டையும் அரிசோனாவிடம் கொடுத்து 12, 34, 168 வாங்கியது. கூட்டிப் பாருங்கள். ஒரு பக்கம் 1600, 185, மொத்தம் 1785. மறுபக்கம் 1200, 560, கடைசிப் பிக்குக்கு ஏறக்குறைய 24, மொத்தம் 1784. தராசு முள் அசையவில்லை. இறங்கிய டெட்ராய்ட் 12இல் கிப்ஸையும் 34இல் டைட் எண்ட் சாம் லபோர்ட்டாவையும் எடுத்தது.

அடுத்த வருட பிக்குக்கு ஒரு சுற்று தள்ளுபடி என்பது வழக்கம்: அடுத்த வருட இரண்டாவது சுற்று, இந்த வருட மூன்றாவது சுற்றுக்குச் சமம். 2018இல் பால்டிமோர் லமார் ஜாக்சனுக்காக ஃபிலடெல்ஃபியாவிடம் 32, 132 வாங்கி, 52, 125, அடுத்த வருட இரண்டாவது சுற்று கொடுத்தது. வாங்கியது 630, கொடுத்தது 427, மீதி 203. அட்டவணையில் 77ஆவது பிக்குக்கு 205. அது மூன்றாவது சுற்றுதான்.

ஆனால் இந்தத் தள்ளுபடியில்தான் பெரிய நஷ்டங்களும் ஒளிந்திருக்கின்றன. கரோலைனா 2023இல் முதல் பிக்குக்காகச் சிகாகோவிடம் 9, 61, ரிசீவர் டி.ஜே. மூர், 2024 முதல் சுற்று, 2025 இரண்டாவது சுற்று எல்லாவற்றையும் கொடுத்தது. 2024 முதல் சுற்று நடுவில் எங்கோ விழும் என்று நினைத்திருப்பார்கள். அணி கவிழ்ந்தது, அந்த பிக் முதலாவது பிக்காகவே முடிந்தது. சிகாகோ அதில் கேலப் வில்லியம்ஸை எடுத்தது. உங்கள் அணி மோசமாக இருக்கும்போது அடுத்த வருட முதல் சுற்றை 16ஆவது பிக்காகக் கணக்கிடாதீர்கள். ஐந்தாவதாகக் கணக்கிட்டுப் பார்த்துவிட்டு, அப்போதும் கட்டுபடியானால் கொடுங்கள். பொருளியலாளர்கள் கேட் மாஸி, ரிச்சர்ட் தேலர் இருவரும் காட்டியதும் இதை ஒட்டியதே: மேல்வரிசை பிக்குகளுக்கு அணிகள் தகுதிக்கு மேல் விலை கொடுக்கின்றன. குவார்ட்டர்பேக் தவிர வேறு எவனுக்காகவும் அடுத்த வருட முதல் சுற்றைத் தொடக் கூடாது என்பேன்.

கூட்டமாக மாக் டிராஃப்ட் (ஒத்திகை டிராஃப்ட்) நடத்த எட்டுப் பேர் கச்சிதம். லீக்கில் எட்டுப் பிரிவுகள், பிரிவுக்கு நான்கு அணிகள், ஆளுக்கொரு பிரிவு. ஒருவர் தன் நான்கு அணிகளுக்குள் தானே பண்டமாற்று செய்வதைத் தடை செய்துவிடுங்கள். நிஜத்திலும் ஒரே பிரிவுக்காரர்கள் அபூர்வமாகத்தான் கொடுத்து வாங்குவார்கள். பிக்குக்கு 3 நிமிடம் வைத்தால் முதல் சுற்றுக்கு 96 நிமிடம். பேரத்தோடு இரண்டரை மணி நேரம் ஆகும். நேரம் பார்க்க அணி எதையும் ஆளாத ஒன்பதாவது ஆள் வேண்டும். அட்டவணையில் 5 சதவீதத்துக்கு மேல் ஏற்றத்தாழ்வு இருக்கிற பேரத்தை அவர் நிராகரிக்க வேண்டும், அடுத்த வருட பிக் இருந்தால் மேலே சொன்ன தள்ளுபடியோடு. சுற்றுக்கு ஆறு பேரத்துக்கு மேல் வேண்டாம். வரம்பு இல்லையென்றால் எட்டுப் பேரும் வியாபாரிகளாகி, வீரர்களை மறந்துவிடுவார்கள். பேரத்தைப் பொதுக் குழுவில் பேசினால் எல்லோரும் விலையைத் தெரிந்துகொண்டு கெடுத்துவிடுவார்கள். சந்தையில் தரகர் துண்டுக்குள் விரல் பிடித்துப் பேசுவது சும்மா இல்லை. தனி வாட்ஸ்அப்பில் பேசி, முடிந்த பிறகு அறிவியுங்கள்.

நிஜ டிராஃப்ட்டோடு ஒப்பிட்டுப் புள்ளி போடுவதற்கு: வீரனும் அணியும் பொருந்தினால் 3, வீரன் முதல் சுற்றில் போனால் 1, அணி எடுத்த இடம் மட்டும் பொருந்தினால் 1. இதற்குமேல் சிக்கலாக்க வேண்டாம். 32இல் ஏழெட்டு சரியாகச் சொல்வதே கெட்டிக்காரத்தனம்.

நிஜ டிராஃப்ட் அங்கே வியாழன் இரவு 8 மணி, நமக்கு வெள்ளி காலை 5:30. இரண்டாவது, மூன்றாவது சுற்றுகள் சனி அதிகாலை 4:30. நான்கு முதல் ஏழு, சனி இரவு 9:30க்குத் தொடங்கி விடிய விடிய. 2025இல் முதல் சுற்றில் பிக்குக்கு 10 நிமிடம், இரண்டாவதில் 7, மூன்று முதல் ஆறு வரை 5, ஏழாவதில் 4. வெள்ளிக்கிழமை ஷிஃப்ட் காலை 9 மணிக்கு என்றால் கடைசிப் பிக்குகள் வரும்போது வண்டியில் இருப்பீர்கள். தாளைப் படம் எடுத்து ஃபோனில் வைத்துக்கொள்ளுங்கள். போன பெயரை அடிக்க ஒரு கை போதும், சிக்னலில் நிற்கும்போது.

முதல் நாள் முடிந்ததும் போர்டைக் கலைத்துவிடக் கூடாது. மிஞ்சிய பெயர்களை அடுக்கோடு அப்படியே இரண்டாவது நாளுக்குக் கொண்டுபோங்கள். முதல் சுற்றில் நீங்கள் எடுத்த இடத்தைத் தேவைப் பட்டியலிலிருந்து அடித்தாலும், போர்டிலிருந்து அந்த இடத்துக்காரர்களை அடிக்காதீர்கள். 33ஆவதில் தொடங்கும் முதல் பத்து பிக்குகளுக்குத்தான் அன்று கிராக்கி, ஒரு இரவு முழுக்க யோசித்து எல்லோரும் ஒரே ஆளைக் குறி வைத்திருப்பார்கள்.

ஐந்தாவது சுற்றுக்குமேல் போர்டில் இருப்பது தேவை அல்ல, தனித்திறமை: சிறப்பு அணிகளில் (பந்தை உதைக்கும் நகர்வுகளுக்கு இறங்கும் பிரிவு) உடனே ஆடுவானா, ஒரு இடத்தைவிட அதிகமாக ஆடுவானா. டாம் பிரேடி 2000இல் 199ஆவதாகவும் பிராக் பர்டி 2022இல் 262ஆவதாக, ஆகக் கடைசியாகவும் வந்தார்கள் என்பதைச் சொல்லி இந்தச் சுற்றுகளில் குவார்ட்டர்பேக் கேட்பவர்கள் எல்லாக் குழுவிலும் உண்டு. அந்த இரண்டு பெயருக்குப் பின்னால் பெயர் தெரியாத நூற்றுக்கணக்கானவர்கள் இருக்கிறார்கள். ஏழாவது சுற்று முடியும்போது அடிக்காமல் மீந்த பத்துப் பெயர்களைத் தனியாக எழுதி வையுங்கள். டோனி ரோமோ 2003இல் எவரும் எடுக்காமல் விட்டவர். கடைசி பிக் அறிவித்த நிமிடமே எடுக்கப்படாதவர்களுக்கு அணிகளிலிருந்து ஃபோன் போகும். சிலர் ஏழாவது சுற்றில் எடுக்கப்படாமல் இருப்பதையே விரும்புவார்கள், போகும் அணியைத் தாங்களே தேர்ந்துகொள்ளலாம் என்பதால். ஞாயிறு காலை முதல் டீக்கு முன்னால் அந்தப் பத்தில் நான்கைந்து பேர் எங்கோ சேர்ந்திருப்பார்கள். அவர்கள் எந்த அணிக்குப் போனார்கள் என்பதையும் தாளின் கடைசிப் பத்தியில் குறித்துக்கொள்ளுங்கள். ஆகஸ்டில் அணிகள் தங்கள் ஆட்களை 53 பேராகக் குறைக்கும்போது அந்தத் தாள் மறுபடி தேவைப்படும்.